ஒன்பதாவது வளைவு தாண்டினால் மிஸ் அடித்த கார்

ஏற்காட்டில் காபித் தோட்டம் வைத்திருக்கும் அக்கா ஒருவர் போன பங்குனியில் தன் காரை சேலத்தில் இருக்கும் என் பட்டறைக்குக் கொண்டுவந்தார். ஒரு லிட்டர், மூன்று சிலிண்டர், டர்போ பெட்ரோல் வண்டி. கையால் கியர் போடுவது. 58,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. சாவியோடு சேர்த்து ஒரு நாற்பது பக்க நோட்டையும் என் கையில் கொடுத்தார்.

"ஒன்பதாவது வளைவு தாண்டினா போதும் தம்பி, இரும ஆரம்பிச்சுடுது. மேல போய்ச் சேர்ற வரைக்கும் உயிரைக் கையில புடிச்சுக்கிட்டுத்தான் போறேன். மூணு தடவை சரி பண்ணியாச்சு. மூணு தடவையும் திரும்ப வந்துடுச்சு."

நோட்டை அன்று இரவு வீட்டில் உட்கார்ந்து படித்தேன். ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு வரி. தேதி, மழையா வெயிலா, வண்டியில் எத்தனை பேர், எந்த வளைவில் ஆரம்பித்தது, எஞ்சின் விளக்கு மினுக்கியதா என்று எழுதியிருந்தார். "மூன்று பேர், பின்னால் மிளகு மூட்டை: 9." "நான் மட்டும், மெதுவாக: 14." "ஏசி நிறுத்தினேன், கொஞ்சம் பரவாயில்லை." "குப்பனூர் வழியாகப் போனேன், அங்கேயும் ஏற்றத்தில் அப்படியே." ஏறக்குறைய எல்லாப் பக்கத்திலும் ஒரு வரி திரும்பத் திரும்ப வந்தது: "இறங்கும்போது ஒன்றுமில்லை."

இருபது வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். இவ்வளவு தெளிவாக நோய் சொன்ன வண்டிக்காரர் எனக்கு வேறு யாரும் கிடைத்ததில்லை. பாரம் கூடினால் சீக்கிரம் வருகிறது, குறைந்தால் தாமதமாக வருகிறது, காலை எடுத்தால் போய்விடுகிறது. வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டும் முன்பே பாதி வேலை முடிந்திருந்தது.

மூன்று தடவை சரிசெய்த கதை

அவர் பத்திரமாக வைத்திருந்த பில்களை வரிசையாக அடுக்கினேன். முதல் தடவை, தீப்பொறி தரும் மூன்று பிளக்கும் மாற்றியிருந்தார்கள். இரண்டு வாரம் நன்றாக ஓடியது. இரண்டாவது தடவை, இரண்டாம் சிலிண்டரின் பிளக்குக்கு உயர் வோல்ட்டேஜ் கொடுக்கும் காயிலை மட்டும் மாற்றினார்கள். ஒரு மாதம் ஓடியது. மூன்றாவது தடவை இன்னொரு பட்டறையில் பிளக், காயில் இரண்டையும் சேர்த்து மாற்றி, பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரைச் சுத்தம் செய்து, கார்பன் கிளீனிங்கும் போட்டார்கள். இந்த முறை இரண்டு மாதத்துக்கு மேல் தாங்கியது. அப்புறம் பழைய கதைதான். மூன்று தடவையும் ஸ்கேனர் காட்டிய எரர் கோடு (பழுதின் குறியீட்டு எண்) ஒன்றே: பி 0302, அதாவது இரண்டாம் சிலிண்டரில் மிஸ்.

இதைப் படிக்கிறவர்கள் அந்தப் பட்டறைகளை அவசரப்பட்டுக் குறை சொல்ல வேண்டாம். மாற்றிய பொருள் ஒவ்வொன்றும் நிஜமாகவே கெட்டுப்போயிருந்தது என்று நான் நம்புகிறேன். மாற்றியதும் வண்டி சரியானதே அதற்குச் சாட்சி. ஆனால் ஒரே சிலிண்டரில் ஒரு வருடத்துக்குள் மூன்று தடவை பிளக்கோ காயிலோ போகிறது என்றால், அவற்றை ஏதோ ஒன்று கெடுத்துக்கொண்டே இருக்கிறது. அது என்ன என்று யாரும் தேடவில்லை.

ஏன் மலையில் மட்டும்

மிஸ் என்றால் சிலிண்டருக்குள் போன பெட்ரோலும் காற்றும் சரியாக எரியாமல் வெளியே வருவது. மூன்று சிலிண்டர் எஞ்சினில், பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் 240 டிகிரி சுற்றும்போதெல்லாம் ஒரு வெடிப்பு நடக்க வேண்டும். ஒன்று தவறினால் கிராங்க் ஒரு கணம் தளர்கிறது. கிராங்க் சென்சார் காட்டும் அந்தத் தளர்ச்சியை வைத்துத்தான் எந்த சிலிண்டர் தவறியது என்று எஞ்சினின் கம்ப்யூட்டரான ஈசியூ கணக்குப் போடுகிறது. ஆக, பி 0302 என்றால் இரண்டாம் சிலிண்டர் தள்ளவில்லை என்று மட்டுமே பொருள். தீப்பொறி வரவில்லையா, பெட்ரோல் வரவில்லையா, வால்வு மூடவில்லையா என்பது அந்த எரர் கோடில் இல்லை.

டர்போ வண்டியில் இன்னொரு விஷயம் சேர்கிறது. சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு அடர்த்தியாக இருக்கிறதோ, அவ்வளவு அதிக வோல்ட்டேஜ் இருந்தால்தான் பொறி பிளக்கின் இடைவெளியைத் தாண்டும். டர்போ காற்றை அமுக்கித் தள்ளும்போது அந்தத் தேவை ஏறுகிறது. காயிலில் இருந்து கிளம்பும் மின்சாரத்துக்கு இரண்டு வழி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று உள்ளே, அமுங்கிய காற்றைக் கிழித்துக்கொண்டு இடைவெளியைத் தாண்டுவது. இன்னொன்று வெளியே, பிளக்கின் வெள்ளைப் பீங்கானுக்கும் அதன் மேல் உட்காரும் காயில் ரப்பருக்கும் நடுவே வழுக்கிக்கொண்டு கீழே இருக்கும் இரும்புக்குப் போவது. ரப்பர் இறுக்கமாக, சுத்தமாக இருக்கும்வரை வெளிவழி அடைபட்டிருக்கும். அதில் ஓட்டை விழுந்தால், சமதளத்தில் உள்வழியே சுலபம், முழு பூஸ்டில், அதாவது டர்போ முழுதாக அமுக்கும்போது, வெளிவழி சுலபம் என்றாகிவிடும்.

சேலம் ஏறத்தாழ 280 மீட்டர் உயரம். ஏற்காடு 1,515 மீட்டர். அடிவாரத்தில் இருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள். மேலே போகப்போகக் காற்று மெலிந்து, ஏற்காட்டில் சேலத்தைவிட அழுத்தம் ஏழில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. அதை ஈடுகட்ட டர்போ இன்னும் வேகமாகச் சுற்றுகிறது. சேலத்துக்குள்ளேயே ஐந்து ரோட்டில் இருந்து அஸ்தம்பட்டி போகிற வண்டிக்கு பூஸ்ட் சில நொடி வரும், போகும். மலை ஏறுகிற வண்டியை அது விடாமல் பிடித்துக்கொள்ளும். சமதளத்தில் எந்தப் பட்டறையும் இந்தக் கோளாறை நேரில் பார்க்க முடியாமல் போனதற்கு இதுதான் காரணம்.

முதல் நாள்

எரர் கோடு பதிவான கணத்தில் வண்டி எந்த நிலையில் இருந்தது என்று ஈசியூ ஒரு படம்போல் எடுத்து வைத்திருக்கும். அதைத்தான் முதலில் திறந்தேன். 2,300 ஆர்பிஎம், வேகம் 33, எஞ்சின் சூடு 98 டிகிரி, உள்காற்றின் அழுத்தம் 170 கிலோபாஸ்கல், வெளிக்காற்று 92. வெளிக்காற்று 92 என்றால் ஏறத்தாழ 800 மீட்டர் உயரம், அதாவது பாதி மலை. அக்கா நோட்டில் எழுதியதையே வண்டியும் தன் பாஷையில் எழுதி வைத்திருந்தது.

பெட்ரோலில்தான் கோளாறு என்று அக்காவுக்கு ஒரு சந்தேகம் இருந்தது. 20 சதவீத எத்தனால் கலந்து வர ஆரம்பித்த பிறகு என்ன கோளாறு வந்தாலும் பழி அதன் மேல்தான் விழுகிறது. ஆனால் மூன்று சிலிண்டருக்கும் ஒரே டாங்கில் இருந்துதான் பெட்ரோல் போகிறது. கெட்ட பெட்ரோல் இரண்டாம் சிலிண்டரை மட்டும் தேடிப் பிடிக்காது. ஈசியூ பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் அளவான ஃபியூயல் டிரிம் ஐந்து சதவீதத்துக்குள் இருந்தது, அதனால் காற்றுக் கசிவுக்கும் பெட்ரோல் பற்றாக்குறைக்கும் இடமில்லை. சிலிண்டருக்குள் காற்று அமுங்கும் அளவான கம்ப்ரஷன் மூன்றிலும் 12 பாரைச் சுற்றியே நின்றது. காற்று உள்ளே போகும் இன்டேக் வால்வில் கார்பன் படிந்திருந்தால் காலையில் குளிர்ந்த எஞ்சினில்தான் முதலில் தடுமாறும், இது சூடான பிறகு தடுமாறுகிறது. இவற்றுக்கெல்லாம் அரை நாள் போனது. அதற்குமேல் சொல்ல அதில் ஒன்றுமில்லை.

பிறகு எல்லாரும் செய்யும் சோதனையை நானும் செய்தேன். இரண்டாம் சிலிண்டர் காயிலைக் கழற்றி மூன்றாவதில் போட்டு, மூன்றாவதை இரண்டில் போட்டேன். மிஸ் காயிலோடு மூன்றுக்குப் போனால் காயில் கெட்டது, இரண்டிலேயே நின்றால் கோளாறு வேறிடத்தில். ஸ்கேனரில் மிஸ் எண்ணிக்கையைத் திறந்து வைத்துக்கொண்டு, கோரிமேடு தாண்டி மலை ஏறினோம். பட்டறைப் பையன் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணிக்கையைப் படித்துக்கொண்டே வந்தான். பத்தாவது வளைவு தாண்டியதும் வண்டி குலுங்கியது.

"அண்ணா, ரெண்டுலயும் ஏறுது, மூணுலயும் ஏறுது."

நான் நம்பவில்லை. வண்டியை அகலமான இடமாகப் பார்த்து ஓரம் கட்டி நானே வாங்கிப் பார்த்தேன். இரண்டில் 41, மூன்றில் 36, ஒன்றில் பூஜ்யம்.

இந்தச் சோதனைக்கு இப்படியொரு பதில் வரக்கூடாது. இறங்கி வரும் வழியெல்லாம் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். அடிவாரம் வருவதற்குள் பிடி கிடைத்தது. கோளாறு இரண்டு பொருளிலும் பாதிப் பாதியாக இருக்கிறது. கெட்ட காயில் ரப்பர் மூன்றுக்குப் போய் அங்கே மிஸ் அடிக்கிறது, கெட்ட பிளக் இரண்டிலேயே இருந்துகொண்டு அங்கே மிஸ் அடிக்கிறது.

குழிக்குள் பார்த்தது

வண்டி ஆறியதும் இரண்டாம் சிலிண்டரின் காயிலை உருவினேன். சேற்றில் இருந்து செருப்பைப் பிடுங்குகிற மாதிரி ஒரு சத்தத்தோடு வந்தது. ரப்பரின் கீழ்முனை ஈரமாக, ஊதிப்போய், விரலால் அமுக்கினால் பழைய அழிரப்பர்போலக் குழைந்தது. டார்ச்சை அடித்து, பிளக் உட்காரும் குழிக்குள் பார்த்தால், பிளக்கின் ஆறு பட்டை இரும்பைச் சுற்றி அரை விரல் ஆழத்துக்கு எஞ்சின் ஆயில் தேங்கி நின்றது.

இந்த இடத்தில் பிளக்கை உடனே கழற்றிவிடக் கூடாது. கழற்றினால் தேங்கிய ஆயிலும் மண்ணும் அப்படியே சிலிண்டருக்குள் விழும். சிரிஞ்சில் உறிஞ்சி, துணியால் ஒற்றி, காற்றடித்த பிறகுதான் கழற்றினேன்.

வெள்ளைப் பீங்கானின் மேல் மெல்லிய கறுப்புக் கோடுகள் இரண்டு, கூர்சீவிய பென்சிலால் இழுத்ததுபோல், மேல் முனையில் இருந்து கீழ் இரும்புவரை இறங்கியிருந்தன. நகத்தால் சுரண்டினேன், போகவில்லை. காயில் ரப்பரை நீளவாக்கில் அறுத்து விரித்தால் உள்பக்கம் அதே இடத்தில் அதே இரண்டு கோடுகள். ஒன்றின் முனையில் ஊசி குத்தியதுபோல் ஒரு துளை. மின்சாரம் வெளிவழியில் நடந்து நடந்து போட்ட ஒற்றையடிப் பாதை அது. கரி மின்சாரத்தைக் கடத்தும். ஒருமுறை பாதை விழுந்துவிட்டால் அடுத்த பொறி அதிலேயே போகும், பாதை இன்னும் ஆழமாகும்.

முதல் இரண்டு பழுதுகள் ஏன் நிற்கவில்லை என்பது இதில் இருந்தே விளங்கிவிட்டது. பிளக்கை மட்டும் மாற்றியபோது பழைய ரப்பரில் இருந்த கோடு புதுப் பீங்கானைச் சுட்டது. காயிலை மட்டும் மாற்றியபோது பீங்கானில் இருந்த கோடு புது ரப்பரைச் சுட்டது. இவை இரண்டையும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். நான் செய்த மாற்றுச் சோதனையும் அதே வேலையைத்தான் செய்திருந்தது. மூன்றாம் சிலிண்டரின் நல்ல பிளக்கில் அன்று ஒருநாள் ஓட்டத்திலேயே ஒரு மெல்லிய கோடு ஆரம்பித்திருந்தது. அதை அக்காவிடம் சொல்லி, அந்தச் செலவை நானே ஏற்றுக்கொண்டேன். அதற்குப் பிறகு ரப்பரையும் பீங்கானையும் முதலில் கண்ணால் பார்க்காமல் எந்த வண்டியிலும் நான் காயிலை மாற்றிப் போடுவதில்லை.

பிளக் இடைவெளி 0.7 மில்லிமீட்டர், சரியாகவே இருந்தது. மலை வண்டிக்கு இதை 0.6 ஆக நெருக்கிவிட்டால் மிஸ் நின்றுவிடும் என்று சொல்லிச் செய்கிறவர்கள் உண்டு. நிற்கும்தான். உள்வழி சுலபமாகிவிடுவதால் வெளிவழி சில காலம் ஓயும். ஆனால் ஆயில் குழிக்குள் வந்துகொண்டேதான் இருக்கும். நோயை மறைத்து வைக்கும் அந்த வேலையை நான் செய்யமாட்டேன்.

மூன்றாவது பழுதில் ஜோடியாகவே மாற்றியிருந்தும் ஏன் திரும்ப வந்தது? ஆயிலால். எஞ்சினின் மேல்மூடியான டேப்பெட் கவரைக் கழற்றிப் பார்த்தபோது இரண்டாம் குழியின் சீலைச் சுற்றி சாம்பல் நிறத்தில் சிலிக்கான் பேஸ்ட் பூசியிருந்தது. பில்லில் அது இல்லை. யாரோ ஆயிலைப் பார்த்திருக்கிறார்கள், அடைக்கவும் முயன்றிருக்கிறார்கள், அக்காவிடம் மட்டும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் அதையும் நோட்டில் எழுதியிருப்பார், எனக்கு ஒரு நாள் மிச்சமாகியிருக்கும்.

சொட்டு நீலமும் லெவல் டியூபும்

கவர் பேக்கிங்கும் குழி சீலும் புதிதாகப் போட்டு அனுப்பிவிடலாம் என்று தோன்றத்தான் செய்தது. ஆனால் 58,000 கிலோமீட்டரில் சீல் இப்படித் தட்டையாகிப் போக வேண்டியதில்லை. மற்ற இரண்டு குழிகளிலும் லேசாக வேர்த்திருந்தது. உள்ளிருந்து ஏதோ ஆயிலைப் பிடித்துத் தள்ளுகிறது.

எஞ்சினின் அடிப்பகுதியில் எப்போதும் கொஞ்சம் புகை சேரும். அது வெளியேற ஒரு குழாய் இன்டேக் பக்கம் போகிறது, நடுவில் பிசிவி வால்வு. சாதாரண பெட்ரோல் வண்டியில் இன்டேக்கில் எப்போதும் உறிஞ்சல்தான் இருக்கும். டர்போ வண்டியில் பூஸ்ட் வரும்போது அதே இன்டேக்கில் அழுத்தம் ஏறுகிறது. அந்த அழுத்தம் குழாய் வழியாகத் திரும்பி எஞ்சினுக்குள் போய்விடாமல் தடுக்க ஒருவழி வால்வு வேண்டும். அது மூடாமல் போனால் டர்போவே எஞ்சினின் வயிற்றை ஊதிவிடும். அப்போது இருக்கிற சீல்களில் எது மெலிந்ததோ அதன் வழியாக ஆயில் வெளியே வரும். வண்டி நின்று எஞ்சின் மட்டும் ஓடும் ஐடிலில் இது தெரியவே தெரியாது. ஃபியூயல் டிரிமிலும் தெரியாது.

இதை அளக்கப் பக்கத்தில் கட்டட வேலை பார்த்துக்கொண்டிருந்த கொத்தனாரிடம் போய், மட்டம் பார்க்கும் லெவல் டியூபில் நான்கு மீட்டர் வாங்கி வந்தேன். ஒரு பிளைவுட் பலகையில் அதை 'ப' வடிவ வளைவில் கட்டி, நடுவில் இரும்பு ஸ்கேல் ஒட்டி, தண்ணீரில் சொட்டு நீலம் கலந்து ஊற்றினேன். ஒரு முனை திறந்தே இருக்கும். இன்னொரு முனையை ஆயில் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக் குழாயில் ஹோஸ் கிளிப் போட்டு இறுக்கி, பானெட் இடுக்கு வழியாக வண்டிக்குள் கொண்டுவந்தோம். பழைய பிளக்குகளில் ஓரளவு நல்லவற்றையும் நல்ல ரப்பர்களையும் தற்காலிகமாகப் போட்டுக்கொண்டு மறுபடி மலைக்குக் கிளம்பினோம்.

பட்டறையில் ஐடிலில் எஞ்சின் பக்கத் தண்ணீர் மூன்று சென்டிமீட்டர் மேலே உறிஞ்சப்பட்டு நின்றது. அப்படித்தான் இருக்க வேண்டும். கோரிமேடு வரையிலும் அது பெரிதாக அசையவில்லை. அடிவாரம் தாண்டி இரண்டாவது கியரில் அமுக்கியதும் தண்ணீர் மறுபக்கம் திரும்பியது. பையன் பலகையை மடியில் வைத்துக்கொண்டு சத்தமாகப் படித்தான்.

"எட்டு... பன்னெண்டு... பதினெட்டு... அண்ணா, இருபத்திரண்டு."

காலை எடுத்தேன். நீலத் தண்ணீர் சர்ரென்று இறங்கி உறிஞ்சலுக்கே திரும்பியது. மறுபடி மிதித்தேன், மறுபடி இருபதைத் தாண்டியது. 22 சென்டிமீட்டர் தண்ணீர் என்பது 2 கிலோபாஸ்கலுக்குக் கொஞ்சம் அதிகம். கேட்கச் சிறிய எண்தான். ஆனால் உறிஞ்சல் இருக்க வேண்டிய இடத்தில் இந்த அழுத்தம் ஒவ்வொரு ஏற்றத்திலும் முக்கால் மணி நேரம் நின்றால், எந்த ரப்பரும் நாளடைவில் தோற்றுவிடும்.

இரண்டாவது வளைவிலேயே அழுத்தம் ஏறிவிடுகிறது, அப்புறம் ஏன் ஒன்பது வரை மிஸ் காத்திருந்தது என்று பையன் கேட்டான். நல்ல கேள்வி. காயில் சூடாகச் சூடாக அதன் கம்பிச்சுற்றின் தடை கூடி, அது தரக்கூடிய வோல்ட்டேஜ் குறைகிறது. அடிவாரத்தில் காயிலுக்கு இரண்டு வழியையும் சமாளிக்கும் தெம்பு இருக்கிறது. பாதி மலையில் அந்தத் தெம்பு போய்விடுகிறது. மிளகு மூட்டை ஏற்றிய நாளில் ஒன்பதிலும், தனியாகப் போன நாளில் பதினான்கிலும் அது தோற்றது.

பிசிவி வால்வைக் கழற்றி, பெட்ரோலில் கழுவிக் காயவைத்து, முனையில் புது டியூப் துண்டு ஒன்றை மாட்டி வாயால் ஊதினேன். கவர் பக்கம் இருந்து ஊதினால் காற்று போனது, சரி. இன்டேக் பக்கம் இருந்து ஊதினால் அடைத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பக்கமும் தாராளமாகப் போனது. புது வால்வை வாங்கி வந்து அதே பக்கம் ஊதியபோது கன்னம் உப்பியதே தவிர ஒரு மூச்சும் போகவில்லை. பழையதைப் பிளந்தால் உள்ளே இருந்த சின்ன வட்டத் தட்டு கறுப்புக் களிம்பில் ஒட்டிக்கொண்டு சாய்வாக நின்றது.

செய்த வேலை

பிசிவி வால்வும் அதன் ஹோஸும் புதிது. டேப்பெட் கவர் பேக்கிங், மூன்று குழி சீல்கள் புதிது. பழைய பேஸ்ட்டைச் சுரண்டி எடுத்து, பேஸ்ட் எதுவும் பூசாமல், டார்க் ரெஞ்சில் அளவு வைத்து இறுக்கினேன். மூன்று பிளக், இரண்டாம் மூன்றாம் சிலிண்டர்களுக்குக் காயில், முதலாவதற்கு ரப்பர் மட்டும். டிப் ஸ்டிக்கை முகர்ந்தால் பெட்ரோல் வாடை அடித்தது. எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கியிருக்கிறது. அதனால் ஆயிலும் ஃபில்டரும் மாற்றினேன்.

அக்காவிடம் ஒன்றை அழுத்திச் சொன்னேன், இங்கேயும் சொல்கிறேன். எஞ்சின் விளக்கு நிலையாக எரிந்தால் வீடு போய்ச் சேர்ந்து பார்த்துக்கொள்ளலாம். மினுக்கினால் அப்படியில்லை. எரியாத பெட்ரோல், புகைக் குழாயில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரிகிறது, உள்ளே இருக்கும் தேன்கூடு உருகிவிடக்கூடும். அது பிளக், காயில் விலையைப்போலப் பல மடங்கு. மலையில் வளைவிலேயே நிறுத்த முடியாதுதான். காலைத் தளர்த்தி, ஒரு கியர் குறைத்து, பூஸ்ட் வராமல் மெதுவாக அகலமான இடம்வரை போய் நிறுத்த வேண்டும்.

வேலை முடிந்ததும் நீலத் தண்ணீர்ப் பலகையோடு மூன்றாவது முறை ஏறினோம். அக்காவே ஓட்டினார். பின்சீட்டில் இரண்டு பேர், டிக்கியில் உர மூட்டை, ஏசி ஓடிக்கொண்டே இருந்தது. இருபதாவது வளைவு வரையிலும் தண்ணீர் ஒரு சென்டிமீட்டர்கூட மறுபக்கம் போகவில்லை. மிஸ் எண்ணிக்கை மூன்றிலும் பூஜ்யம். ஒன்பதாவது வளைவில் அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். பதினைந்தில்தான் பேச ஆரம்பித்தார்.

ஆவணியில் 4,000 கிலோமீட்டர் ஓடியபின் வரச்சொல்லிப் பார்த்தேன். மூன்று காயிலையும் உருவி, வெள்ளைத் துணியைக் கம்பியில் சுற்றிக் குழிக்குள் விட்டு எடுத்தேன். துணி வெள்ளையாகவே வந்தது. பீங்கானில் கோடு இல்லை. கன்வெர்ட்டருக்குப் பின்னால் இருக்கும் ஆக்சிஜன் சென்சாரின் அளவுதான் இன்னும் கொஞ்சம் ஆடுகிறது. நல்ல கன்வெர்ட்டரில் அது ஏறக்குறைய நேர்கோடாக நிற்க வேண்டும். எரர் கோடு எதுவும் விழவில்லை, பங்குனியில் எடுத்து வைத்த அளவைவிட ஆட்டம் கூடவும் இல்லை. அந்த அளவை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். தை மாதம் ஆயில் மாற்ற வரும்போது ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.